ஷட்டர் புதுசு, சாவி யாரிடம்?

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்துக் கோரிக்கை மனுக்களில் ஒரு வாசகம் சலிக்காமல் வந்துகொண்டே இருக்கிறது: "மடை பழுது, தண்ணீர் வீணாகிறது, புது ஷட்டர் அமைத்துத் தர வேண்டும்." குறைதீர்க் கூட்டத்தில் விவசாயி இதைச் சொல்கிறார். எஸ்டிமேட் போடும் பொறியாளர் இதையே எழுதுகிறார். தேர்தல் வந்தால் வேட்பாளர் இதையே வாக்குறுதியாகத் தருகிறார். நிருபர் உடைந்த மடையைப் படம் பிடித்து இதையே தலைப்பாக்குகிறார். நாலு தரப்பும் ஒரே பேச்சுப் பேசுகிற விஷயம் நம் ஊரில் அபூர்வம். அப்படிப் பேசினால் எதையோ எல்லோரும் சேர்ந்து மறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

முதலில் அவர்கள் தரப்பை அதன் முழு பலத்தோடு சொல்லிவிடுகிறேன்.

மேற்கு மலையிலிருந்து இறங்கும் ஓடைகளை நம்பி, ஒன்றின் மறுகால் அடுத்ததற்கு வரத்தாக, சங்கிலி போட்ட மாதிரி கிடக்கின்றன இங்குள்ள கண்மாய்கள். மடைகளில் பல கல் மடைகள். கல் நகர்ந்துவிட்டது, பலகை உளுத்துவிட்டது. வைக்கோல் பிரியையும் களிமண் சாக்கையும் திணித்து அடைக்கிறார்கள்; அப்படியும் இரவு பகலாக ஒழுகுகிறது. முங்கி மடை திறக்கிற ஆள் இன்று இல்லை. அவர் மகன் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் தறியில் நிற்கிறார், அல்லது திருப்பூரில் இருக்கிறார். அதில் தவறும் இல்லை. ஆபத்தும் உண்டு: 1836இல் கட்டிய முக்கொம்பு மேலணையில் 2018 ஆகஸ்ட் 22 அன்று கொள்ளிடப் பக்கத்து ஒன்பது மதகுகள் வெள்ளத்தோடு போயின, புதிதாகக் கட்ட 387 கோடி ரூபாய் ஒதுக்க வேண்டியிருந்தது. ஆகவே பழையதை இடி, கான்கிரீட் மடை கட்டு, திருகு வைத்த இரும்பு ஷட்டர் போடு, பணம் இருந்தால் மோட்டாரும் மாட்டு. இதுதான் அந்தக் கருத்து. அசட்டு வாதம் அல்ல. ஆற்றின் குறுக்கே நிற்கிற கதவணைக்கு அப்படியே பொருந்தும். கண்மாய் மடைக்குப் பொருந்தாது.

பொருந்தாது என்பதற்கு முதல் சாட்சி காலண்டர். ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் நிதியோடு தமிழ்நாட்டில் கண்மாய் நவீனப்படுத்தும் வேலை 1984இல் தொடங்கியது. மடையைச் சீர்செய்தார்கள், வாய்க்காலுக்குக் கான்கிரீட் பூசினார்கள். 2007இல் உலக வங்கிக் கடனில் நீர்வள நிலவளத் திட்டம் வந்தது. 2017இல் குடிமராமத்து என்ற பழைய பெயரில், 100 கோடி ரூபாயில், விவசாயிகள் பத்தில் ஒரு பங்கு போட வேண்டும் என்ற ஏற்பாட்டோடு இன்னொரு சுற்று. நாற்பது வருடமாகப் புது மடை போட்டுக்கொண்டே இருக்கிறோம். அன்றைய புது மடைதான் இன்றைய மனுவில் ‘பழைய மடை’. கல் மடை தலைமுறை தலைமுறையாக உழைத்து ஓய்ந்தது. கான்கிரீட் மடை ஒரே தலைமுறையில் ஓய்ந்தது. ஏன் என்று கேட்காமலே அடுத்த டெண்டருக்குப் போகிறோம்.

இனி மறுப்புகள்.

1. மடையை மாற்றுகிறோம் என்கிறீர்கள், வெட்டுவதோ கரையை.

மடை கரையில் பொருத்திய கதவு அல்ல. உள்வாயிலிருந்து கரையின் அடிவயிற்றைத் துளைத்துக்கொண்டு ஆயக்கட்டுப் பக்கம் வெளியேறும் சுரங்கம் அது. அதை எடுத்துவிட்டுப் புதிது வைக்க வேண்டுமானால் கரையை மேலிருந்து அடிவரை பிளந்தாக வேண்டும். எத்தனையோ மழையும் மாட்டுக் குளம்பும் வண்டிச் சக்கரமும் சேர்ந்து இறுக்கிய மண் அது. அதைப் பிளப்பதற்கு ஜேசிபிக்கு ஒரு முற்பகல் போதும்.

பிளந்ததை எப்படி மூடுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. புத்தகப்படி, அரை அடி கனத்துக்குக் களிமண் பரப்பி, அளவான ஈரத்தில் இடித்து, அதன்மேல் அடுத்த அடுக்கு போட வேண்டும். சுரங்கத்தின் இரு பக்கத்திலும் ரோலர் நுழையாது. அங்கே கையால்தான் கெட்டிக்க வேண்டும். நடப்பதைச் சொல்லவா? வேலை உத்தரவு பொங்கலுக்குப் பிறகு வரும். மார்ச் 31க்குள் பில் போட்டாக வேண்டும். அது வறண்ட காலம், பக்கத்தில் தண்ணீரும் கிடையாது. காய்ந்த கட்டியாக மண்ணைக் கொட்டி, ஜேசிபி வாளியின் முதுகால் நாலு தட்டுத் தட்டி, மேலே டிப்பரை இரண்டு முறை ஓட்டிச் சமன் செய்துவிட்டுப் போவார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

ஐப்பசியில் கண்மாய் நிறைந்ததும் தண்ணீர் தன் வேலையைத் தொடங்கும். கான்கிரீட்டின் வழவழப்பான பக்கமும் சரியாக இறுகாத மண்ணும் சந்திக்கிற இடத்தில் நூல் அளவு வழி போதும். அந்த நூல் மண்ணைக் கரைத்துக்கொண்டே வெளியே வரும். வர வர வழி பெருக்கும். மண் அணை கட்டுகிறவர்கள் உலகமெங்கும் கரையைத் துளைத்துப் போகும் குழாயைத்தான் முதல் பலவீனமாகக் கருதிக் கண்காணிக்கிறார்கள். மடை திறந்து மூடுகிற அனுபவமுள்ள நீர்பாய்ச்சிக்கும் இது தெரியும். மடையடியில் தெளிந்த தண்ணீர் கசிந்தால் சாவகாசமாகப் பார்ப்பார். கலங்கிய தண்ணீர் கசிந்தால் ஊரைக் கூட்டுவார். நம் எஸ்டிமேட்டில் இரண்டுக்கும் ஒரே பெயர்: கசிவு. இரண்டுக்கும் ஒரே வைத்தியம்: இடி.

கரையைத் தொடாமல் சரிசெய்ய வழி இருக்கிறது. உள்வாய்ப் பக்கத்து முகப்பை மட்டும் கட்டலாம். பழைய சுரங்கத்துக்குள்ளேயே குழாயைச் செருகி, சுற்றியுள்ள இடைவெளியைச் சிமெண்ட் பாலால் அடைக்கலாம். துவாரம் கொஞ்சம் குறுகும், உண்மைதான். கரை பிழைத்துக்கொள்ளும். ஆனால் இதில் பில் தொகை சிறியது. திறப்பு விழாவுக்கு நின்று படம் எடுக்கவும் ஒன்றும் இருக்காது.

2. எந்த மட்டத்தில் வைக்கிறீர்கள்?

யாரும் கேட்காத கேள்வி இது. ஒரு கண்மாய்க்கு ஒரே மடை இருப்பது அரிது. மேல்மடை, நடுமடை, பள்ளமடை என்று இருக்கும். ஒவ்வொன்றின் அடிமட்டமும் வேறு. தண்ணீர் இறங்க இறங்க மேல்மடை முதலில் ஓயும். கடைசி வரை ஓடுவது பள்ளமடை. எந்த வயலுக்கு எத்தனை நாள் தண்ணீர் என்ற பங்கீடு, பத்திரத்தில் எழுதாமல், இந்த மட்டங்களிலேயே இருக்கிறது. 1883இல் தொடங்கிய ஏரிச் சீரமைப்புத் திட்டத்தில் வெள்ளைக்காரப் பொறியாளர்கள் ஒவ்வொரு ஏரிக்கும் நினைவேடு எழுதினார்கள். முழுக் கொள்ளளவு மட்டம், கலுங்கின் நீளம், மடையின் அடிமட்டம் எல்லாம் அதில் குறிக்கப்பட்டன. அது வரி வசூலிக்க வந்த அரசு; கருணையால் எழுதவில்லை. மட்டம் மாறினால் சண்டை வரும், சண்டை வந்தால் வரி நிற்கும் என்று அதற்குத் தெரிந்திருந்தது.

புது மடையை ஒரு அடி தாழ்த்தி வைத்துப் பாருங்கள். அந்த மடைக்காரருக்குக் கொண்டாட்டம், மற்ற மடைகளுக்குத் திண்டாட்டம். போதாததற்கு, மடைக்குக் கீழே எப்போதும் தேங்கி நிற்க வேண்டிய தண்ணீரும் போய்விடும். கோடையில் மாடு குடித்ததும், பக்கத்துத் தென்னந்தோப்புக் கிணற்றில் ஊறியதும் அந்தத் தண்ணீர்தான். ஒரு அடி உயர்த்தி வைத்தால் இதன் மறுபக்கம்: கடைசித் தண்ணீர் பயிருக்கு எட்டாது.

3. பழைய மடை வெறும் ஓட்டை அல்ல.

பாண்டி நாட்டுக் குமிழி மடையில் உள்வாய்க்குள் இரண்டு கல்தூண்கள் நிற்கும். இடையே குறுக்குக் கற்கள். அடியில் கல் தொட்டி. மேல் துளையில் தெளிந்த நீர் இறங்கும்; தரையோடு ஒட்டிய சிறு துளைகளில் சேறு கலந்த நீர் போகும். பயிருக்கு வண்டலும் கிடைத்தது, கண்மாயும் கொஞ்சம் கழுவப்பட்டது. (இந்தச் சேற்றுக்கும் நீருக்கும் துல்லிய சதவீதக் கணக்குப் போட்டு வாட்ஸ்அப்பில் பெருமைப்படுகிறவர்களோடு எனக்கு உறவில்லை. எந்தத் துளையும் எல்லா வருடமும் ஒரே அளவில் சேறு தள்ளாது.) தட்டையான இரும்பு ஷட்டருக்கு இந்த வேலை தெரியாது. அதன் முன்னால் வண்டல் ஏறும், அடிப் பள்ளத்தில் கல் சிக்கும், ஷட்டர் பாதியில் நிற்கும். பிறகு அதே வைக்கோல் பிரி, அதே சாக்கு.

4. தண்ணீர் வீணாகிறது என்றால், எங்கே?

மடையில் ஒழுகுகிற தண்ணீர் போவது ஆயக்கட்டுக்குள்தான். வேளைகெட்ட வேளையில் போகிறது என்பது குறைதான். ஆனாலும் அது வயலில் சுவறுகிறது, கிணற்றில் ஏறுகிறது. கண்மாய்க்கு வந்தே சேராத தண்ணீர்தான் உண்மையான நட்டம். மலையடிவார ஓடைகளிலிருந்து வருகிற வரத்துக்கால்களை நடந்து பாருங்கள். ஒரு இடத்தில் பிளாட் போட்டிருக்கிறார்கள். இன்னொரு இடத்தில் சாலைக்கடியில் கால்வாயை ஒற்றைக் குழாயாகச் சுருக்கியிருக்கிறார்கள். மீதி இடத்தில் வேலிக்கருவை. ஊருக்குள் நுழைந்ததும் சாக்கடை அதில் கலக்கிறது. வராத தண்ணீரைத் தேக்க லட்சக்கணக்கில் கதவு.

கதவை மாற்றினால் போதும் என்கிற இந்த மயக்கம் நமக்கு மட்டும் உரியதல்ல. கடலுக்கும் துறைமுகத்துக்கும் நடுவே கப்பலை ஏற்றி இறக்கும் பிரம்மாண்ட மதகுகள் உண்டு. நெதர்லாந்தின் அய்முய்டனில் பழைய மதகு சிறியது, வயதானது என்று 500 மீட்டர் நீளம், 70 மீட்டர் அகலம், 18 மீட்டர் ஆழத்தில் புதிதாகக் கட்டி 2022 ஜனவரியில் திறந்தார்கள். உலகிலேயே பெரிய கடல் மதகு. கப்பலும் வந்தது, ஒவ்வொரு திறப்பிலும் முன்னைவிட அதிகமாக உப்பு நீரும் கால்வாய்க்குள் வந்தது. அந்த உப்பைத் திருப்பிக் கடலுக்குள் விட இன்னொரு கட்டுமானம் தேவைப்பட்டது. நம் ஹல்தியா துறைமுகத்திலும் கப்பல் மதகு வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். அங்கே எவ்வளவு சரக்கோடு கப்பல் வரலாம் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது மதகு அல்ல, வெளியே ஹூக்ளி ஆற்றில் படிகிற வண்டல். பணமும் படிப்பும் நிறைந்த இடங்களிலேயே கதவுக்கு அப்பால் இருக்கும் தண்ணீர்தான் கடைசி வார்த்தை பேசுகிறது.

5. ஷட்டர் சரி. சாவி யாரிடம்?

இதுதான் என் முக்கியமான மறுப்பு. மற்றவை எல்லாம் இதற்குப் பக்கவாத்தியம். கல் மடையைத் திறக்க முங்கத் தெரிந்த ஆள் வேண்டும். எல்லோராலும் முடியாது என்பதே அதற்குப் பூட்டு. ஷட்டரை யார் வேண்டுமானாலும் திருகலாம். ஆகவே திருகுகிற உரிமை யாருக்கு என்பது மடை கட்டும்போதே தீர வேண்டிய விஷயம். அதைத் தீர்க்காமல் கட்டினால் என்ன நடக்கிறது?

கண்மாயில் மீன்பாசி குத்தகை எடுத்தவருக்குத் தண்ணீர் சீக்கிரம் வற்ற வேண்டும்; வற்றினால்தான் மீனை அள்ளலாம். குத்தகை முடிகிற நாள் நெருங்கினால் ராத்திரியில் ஷட்டர் தானாகத் திறந்துகொள்ளும். உள்வாய்க்குள் உழுது விதைத்திருப்பவருக்குக் கண்மாய் நிறையவே கூடாது. அவர் கையும் அதே திருகைத் தேடும். தலைமடைக்காரருக்குத் தன் வயல் நனைந்தால் போதும். போர்வெல் வைத்திருப்பவருக்கு மடை மூடியே கிடந்தால் நல்லது, நிலத்தடி நீர் ஏறும். கடைமடைக்காரர் மனு எழுதுவார். ஐந்து பேருக்கும் ஐந்து கணக்கு, நடுவில் ஒரே ஒரு இரும்புத் திருகு.

ஏதாவது ஒரு புது மடைக்குப் போய் உற்றுப் பாருங்கள். மேடைமேல் ஆள் உயரத் திருகுத் தண்டு நிற்கும். தலையில் இருக்க வேண்டிய சக்கரம் இருக்காது. பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும். பல்லில் கிரீஸ் இல்லை, துரு. திருக முடியாதவர்கள் கடப்பாரையை வைத்து நெம்பியதில் தண்டு வளைந்திருக்கும். மேடையின் பக்கவாட்டில் திட்டத்தின் பெயரும் தொகையும் வருடமும் மட்டும் பெயிண்டில் தெளிவாக இருக்கும். கிரீஸ் டப்பா என்ன விலை? அதற்கு எந்தக் கணக்குத் தலைப்பிலும் இடமில்லை. கட்டுவதற்கு நிதி உண்டு, வைத்துக் காப்பதற்கு இல்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. பாசன நிர்வாகத்தை விவசாயிகளிடம் ஒப்படைக்க 2000இல் சட்டம் போட்டு, நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம் என்று பெயரும் வைத்தோம். தலைவர் இருக்கிறார், லெட்டர்பேடு இருக்கிறது. மடை திறக்கிறவருக்குச் சம்பளம் யார் தருவது என்று மட்டும் தெளிவில்லை. முன்பு களத்துமேட்டிலேயே நீர்பாய்ச்சியின் பங்கு நெல்லை அளந்து கொடுத்துவிட்டுத்தான் மூட்டை கட்டினார்கள். இன்று நெல் மறைந்து தென்னை வந்த இடங்களில் களமே இல்லை. பொறுப்பும் சிதறிக் கிடக்கிறது. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய் நீர்வளத் துறைக்கு, அதற்குக் கீழே ஊராட்சி ஒன்றியத்துக்கு. ஒரே ஓடையில் மேல் கண்மாய் ஒரு துறை, கீழ்க் கண்மாய் இன்னொரு துறை. மேலே எப்போது திறந்தார்கள் என்பது கீழே உள்ளவர்களுக்குத் தண்ணீர் வந்த பிறகுதான் தெரிகிறது.

6. ஆள்தானே பிரச்சினை, மோட்டாரும் சென்சாரும் வைத்துவிட்டால்?

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தின்போது செம்பரம்பாக்கம் ஏரியில் ஷட்டர் ஒன்றும் சிக்கிக்கொள்ளவில்லை. எப்போது, எவ்வளவு திறப்பது என்ற முடிவில்தான் கோளாறு என்று தணிக்கைத் துறையே பிறகு எழுதியது. மோட்டார் கையின் வேலையைச் செய்யும், பொறுப்பை ஏற்காது. கரண்டுக் கம்பியைக்கூடத் திருடுகிற கண்மாய்க் கரையில் சென்சார் எத்தனை நாள் இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

7. அப்படியானால் பழையபடி ஆளை முங்க விடலாமா?

இந்தக் கேள்வியோடு என்னை மடக்கிவிட்டதாக நினைப்பார்கள். பழைய ஏற்பாட்டை மாலை போட்டுக் கும்பிட நான் வரவில்லை. நீர் பாய்ச்சும் வேலை பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியார் தலையில் கட்டப்பட்டது. உயிரைப் பணயம் வைத்து முங்கியவர்களில் பலருக்கு அந்தத் தண்ணீரில் பாய ஒரு குழி நிலம் இருந்ததில்லை. ராமநாதபுரம், சிவகங்கைச் சீமைக் கண்மாய்களை ஆராய்ந்த டேவிட் மோஸ் 2003இல் வெளியிட்ட நூலில், நாம் கொண்டாடும் ‘ஊர்க் கூட்டுறவு’ எவ்வளவு தூரம் அதிகாரத்தாலும் சாதி அந்தஸ்தாலும் கட்டப்பட்டது என்பதைக் காட்டினார். குடிமராமத்தைச் சட்டமாக்கிய 1858ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலேயே கட்டாய உழைப்பு இருக்கிறது. அது ஒழிந்தது நல்லது.

ஆனால் ஒழித்தது எதை? சாதிக் கட்டாயத்தோடு சேர்த்து அந்த வேலையையே ஒழித்துவிட்டோம். ஆஸ்பத்திரியில் கட்டாயப் பணியை ஒழித்தால் நர்ஸையே ஒழித்துவிடுவோமா? தண்ணீரின் மட்டத்தைத் தினம் பார்க்கிற, கசிவு தெளிவா கலங்கலா என்று கவனிக்கிற, தலைமடைக்காரர் முறைத்தாலும் முறைப்படி மூடுகிற ஒரு ஆள் கண்மாய்க்கு வேண்டும். சம்பளத்தோடு, எந்தச் சாதியிலிருந்தும், ஆணோ பெண்ணோ. நவீனம் என்பதை அங்கிருந்து தொடங்குங்கள். முங்கத் தேவையில்லாத ஷட்டர் அந்த ஆளுக்கு நல்ல கருவி. ஆள் இல்லாத ஷட்டர், ராத்திரியில் வருகிறவருக்கு நல்ல கருவி.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர்; திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் வரிசையாகக் குளங்கள் உடைந்தன. அதே மேகம் கொஞ்சம் வடக்கே தள்ளி நின்றிருந்தால், ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியகுளம் கண்மாயில் எந்த மடையை யார், யாரைக் கேட்டுத் திறந்திருப்பார்கள்? மறுகால் போகும் வழியில் எத்தனை வீடு இருக்கிறது என்ற பட்டியல் யார் கையில் இருந்திருக்கும்?

ஆகவே மனுவை மாற்றி எழுதுங்கள். வரத்துக்காலை அளந்து கல் நட்ட பிறகே மடை வேலை. புது மடையின் அடிமட்டம் பழையதே. மாற்றுவதானால் எல்லா மடைக்காரர்களும் கையெழுத்துப் போட வேண்டும். கரையை வெட்டினால் சித்திரைக்குள் மூடி, அடுக்கடுக்காகக் கெட்டித்ததைச் சோதித்த சீட்டு ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டப்பட வேண்டும். மீன்பாசி குத்தகைப் பத்திரத்தில் இன்ன மட்டத்துக்குக் கீழே தண்ணீரை இறக்கக் கூடாது என்ற நிபந்தனை. மீறினால் வைப்புத்தொகை போகும். குத்தகைப் பணத்தில் ஒரு பங்கு நீர்பாய்ச்சியின் சம்பளத்துக்கும் கிரீஸுக்கும். சாவி அவர் கையில், திறப்பு மூடல் நோட்டு கரையடிக் கோயில் சுவரில் தொங்கட்டும். இந்த வரிகள் இல்லாத எஸ்டிமேட் கிராமசபைக்கு வந்தால், எத்தனை லட்சம் போட்டிருந்தாலும், திருப்பி அனுப்புங்கள்.